இன்னொருத்தியின் சாப்பாடு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி மாதம், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்து நான் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனேன். தைப்பிங் பக்கத்து வெக்கையில் வளர்ந்தவள். தாப்பாவிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறியதில், ரிங்லெட் வருவதற்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டது. தோட்டத்தில் இறங்கியபோது எங்கும் பனிமூட்டம். எதிரே பெரிய மலை இருக்கிறது என்று சொன்னார்கள். மறுநாள் காலையில்தான் அது கண்ணில் பட்டது.

பள்ளிக்கு மேலே, சரிவில், ஒரு பலகை வீடு. அதில் பாதி எனக்கு. மறுபாதியில் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் குடும்பம். நான் பெட்டியை இறக்கி வைத்த சற்று நேரத்தில் கிராணியின் மனைவி வெந்நீர்ப் பிளாஸ்கோடு வந்தார். வாசற்படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

"தைப்பிங்."

"அப்பா அம்மா ரெண்டு பேருமே அந்தப் பக்கந்தானா?"

"ஆமா."

"இந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாரும் இருந்தாங்களா? சித்தி மக, பெரியம்மா மக, அந்த மாதிரி?"

இல்லை என்றேன். சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் புதிதாக வந்தவர்களை அப்படித்தான் விசாரிப்பார்கள். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அவர் வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் தோட்டத்து லோரி ஆட்களை ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போகும். சாயங்காலம்தான் திரும்பும். நான் முதல் சனிக்கிழமையே போனேன். அப்போது தானா ராத்தா என்பது ஒரே ஒரு கடைத்தெரு. ஒரு பக்கம் சீனர் கடைகளும் அவற்றுக்கு நடுவே தமிழ் மளிகைக் கடையும் தையல்காரரும். எதிர்ப்பக்கம் மேட்டில் அரசாங்க ஆபீசர்களின் வீடுகள். பின்னால் மலாய்க்காரர் வீடுகள். அதற்கும் மேலே ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்கள் மரங்களுக்கு உள்ளே எங்கோ இருந்தன. புகைபோக்கி மட்டும் தெரியும். யார் எந்த வீதியில் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் மதியம்வரை தெளிவாகத் தெரியும். மதியத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டால் எல்லா வீடும் ஒன்றுதான்.

சோப்பும் மெழுகுவர்த்தியும் வாங்கி முடித்தபோது எனக்கு நல்ல பசி. லோரி வர நேரமிருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு சீனர் சாப்பாட்டுக் கடை இருந்தது. தனியாக ஒரு தமிழ்ப் பெண் சீனர் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அப்போது பார்க்கக்கூடிய காட்சி அல்ல. என் அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டியிருப்பார். ஆனால் குளிரும் பசியும் சேர்ந்தால் வெட்கம் நிற்காது. நான் உள்ளே போனேன்.

பளிங்கு மேசைகள். சுவரோரம் கரி மூட்டைகள். தரையோடு ஒட்டிய சிவப்புச் சாமி மேடையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சமையலறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு சிறு ஜன்னல். உள்ளே ஒரு மெலிந்த சீனர் வாணலியோடு நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை. நான் யோசிக்காமல் போய் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தேன்.

கல்லாவில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்களைப் போலவே தமிழ் பேசுவார், கடைசியில் ஒரு 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஊரில் எல்லாத் தமிழர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார்.

"வந்துட்டியா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

சீனர்கள் வாடிக்கையாளரை வரவேற்கும் முறை போல என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் ஜன்னலுக்குப் போய்ச் சமையல்காரரிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். உள்ளே வாணலிச் சத்தம் நின்றது. சமையல்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். அவர் அக்காவின் கணவர். அவர் முகத்தில் இருந்ததை இன்றைக்கும் பயம் என்றுதான் சொல்வேன். வெளியே வந்து, சாமி மேடைக்கு முன்னால் குனிந்து, எரிந்துகொண்டிருந்த பத்திகளோடு இன்னும் சிலவற்றைக் கொளுத்திச் செருகிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார்.

சாப்பாடு வந்தது. வெள்ளைச் சோறு, வெங்காயம் போட்டுப் பொரித்த முட்டை, ஓடையோரம் வளரும் ஒரு கீரையைப் போட்ட தெளிவான சூப், சின்னத் தட்டில் சோயாவில் ஊறிய பச்சை மிளகாய்.

"பன்னி எலும்பு போடல. தெரியுமே உனக்கு" என்றார் அக்கா.

பிறகு தேநீர்ப் பானையும் இரண்டு கோப்பைகளும் கொண்டுவந்தார். ஒன்றை என் முன்னாலும் இன்னொன்றை எதிர் நாற்காலிக்கு முன்னாலும் வைத்து, இரண்டிலும் ஊற்றினார். ஊற்றிவிட்டு அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் வரலக்கா. நான் தனியாத்தான் வந்தேன்" என்றேன்.

"தெரியும் லா" என்றார். "சாப்பிடு."

எனக்குக் காரம் ஆகாது. வீட்டில் எனக்கென்று தனியாக ரசத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் மிளகு போடுவார்கள். ஆனால் அன்றைக்கு அந்த மிளகாயை ஒவ்வொன்றாகக் கடித்துச் சாப்பிட்டேன். தட்டு காலியான பிறகுதான் செய்ததே எனக்கு உறைத்தது. வெளியே பனி இறங்கிக் கதவு வழியாக உள்ளே வந்து மேசைக் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த கோப்பையில் ஆவி நின்றுபோனதும் அக்கா அதை எடுத்துப்போய் வாசல் கால்வாயில் ஊற்றினார்.

கை கழுவ எழுந்தேன். கரி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கதவு. அதன் கொண்டியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தால்தான் திறக்கும். தூக்கினேன், இழுத்தேன், போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். லோரியில் தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், ரோடு மறைந்து மறைந்து தெரிந்த ஒரு வளைவில், திடீரென்று நினைத்துப் பார்த்தேன். அங்கே கதவு இருப்பதை எனக்கு யார் சொன்னது?

அடுத்த வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்கலாம் என்று தையல்காரரிடம் போனேன். வயதானவர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி என்னைப் பார்த்தார்.

"நீங்க அக்காவா, தங்கச்சியா?"

"யாருக்கு?"

அவர் மேலே இருந்த மூட்டையை அவிழ்த்து, கிளிப்பச்சை ரவிக்கை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "தைச்சி வச்சி ரொம்ப நாளாச்சிம்மா. வாங்க ஆளு வரல. எனக்கு இத கடையில வச்சிருக்க மனசில்ல. நீங்க எடுத்துட்டுப் போயிருங்க."

வேண்டாம் என்று சொன்னேன். அவர் என் கைகளை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்த்திருக்க வேண்டாம். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் எனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். எந்தத் தையல்காரர் தைத்தாலும் அந்தப் பக்கம் சுருக்கம் விழும். இந்த ரவிக்கையில் இடது தோள் இறக்கித் தைக்கப்பட்டிருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே கிராணியின் மனைவியிடம் போனேன். அவர் அடுப்பங்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரவிக்கையைப் பார்த்ததும் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டார்.

"உங்கள பாத்த அன்னிக்கே பயந்துட்டேன் டீச்சர். புதுசா வந்த பொண்ணுகிட்ட இதப் போயி எப்பிடி சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னது இதுதான். ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துப் பெண் ஒருத்தி. காய்கறி லோரி ஓட்டும் பையனைக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் தானா ராத்தாவில் அந்தச் சீனர் கடைக்கு வருவார்கள். அவனுக்கு மீ நூடுல்ஸ், அவளுக்குச் சோறும் கீரை சூப்பும். நான் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், வருஷக் கடைசி அடைமழைக் காலத்தில், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி தாப்பா போகும் ரோட்டில் பள்ளத்தில் விழுந்தது. அவன் உடல் லோரிக்குள்ளேயே கிடைத்தது. அவளும் கூட இருந்தாள். அவளுடைய ஒரு செருப்பு இருந்தது. அவள் இல்லை. ஆற்றிலும் காட்டிலும் பல நாள் தேடினார்கள். காட்டிலேயே வாழும் ஓராங் அஸ்லி ஆட்களும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"நான் அவ மாதிரியேவா இருக்கேன்?"

கிராணியின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ கல்யாணப் போட்டோவ அவங்க அம்மா வீட்ல பாத்துருக்கேன். போட்டோல பாத்தா அவ்ளோ ஒத்துமை இல்ல. மூக்கு வேற, நெத்தி வேற. கடைத்தெருவுல நேர்லயும் பாத்துருக்கேன். நடக்குறதுதான், உக்கார்றதுதான் அப்பிடியே இருக்கு டீச்சர். அன்னிக்கு வாசப்படியில நின்னு நீங்க நடக்குறதப் பாத்ததும் எனக்குக் கை காலு ஓடல."

மூக்கும் நெற்றியும் ஒன்றாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கலக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் என்பார்கள். ஆனால் நடை என்பது நானே எனக்கு உண்டாக்கிக்கொண்டது இல்லையா? அது எப்படி முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போயிருக்கும்?

போகக்கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு மூன்று சனிக்கிழமைகள் தோட்டத்தை விட்டு இறங்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில், மதிய வேளையில், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் கீரை சூப்பின் வாசனை எங்கிருந்தோ வரும். என் நாக்கு ஊறும். அது என்னுடைய பசியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். கடைசியில் போனேன்.

இந்த முறை அக்கா கோப்பைகளை வைத்ததும் நானே சொன்னேன். "அக்கா, நீங்க நெனைக்கிற ஆளு நான் இல்ல. நான் டீச்சர். தைப்பிங்ல இருந்து வந்துருக்கேன். அந்தப் பொண்ணப் பத்திக் கேள்விப்பட்டேன். பாவம். ஆனா நான் அவ இல்ல."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்.

"தலையில அடி பட்டா எல்லாம் மறந்துரும் தங்கச்சி. எங்க சீனவங்க ஒருத்தரு ஜப்பான் சண்ட காலத்துல அப்பிடிதான், சொந்த பொண்டாட்டிய மறந்துட்டாரு. மெதுவாதான் ஞாபகம் வரும். அவசரம் இல்ல லா. யாரோ உன்ன காப்பாத்தி, வேற பேரு வச்சி, படிக்க வச்சிருக்காங்க. நல்லவங்க."

"எனக்கு எங்க அம்மாவ சின்ன வயசுலேர்ந்து ஞாபகம் இருக்கே அக்கா."

"கதவு கொண்டி எப்பிடி தொறந்த?" என்று கேட்டார்.

உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய கணவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "நான் உன் வயித்துல பொறந்தவதானா? எனக்குக் கூடப்பொறந்தவ யாராவது இருந்தாளா?" அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வந்து என் காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தைத் தடவிப் பார்த்தார். "இந்த மச்சத்தோட ஒருத்தியத்தான் பெத்தேன். மலையில குளுரு ஒத்துக்கலன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. மூன்று வேளையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். ஆனால் ரசம் ஊற்றும்போது அம்மா, "என்னடி, மொளகாய இப்பிடிக் கடிக்கிற?" என்றார்.

மலைக்குத் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். கடைக்குள் நுழைந்தபோது என் மேசையில், எதிர் நாற்காலியில், ஒரு தமிழ் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டியிருந்தார், மடிப்பு கலையவில்லை. விரல் நுனிகளில் கொழுந்து கிள்ளுபவர்களுக்கு இருக்கும் கறுப்புக் கறை. அக்கா அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். முகமெல்லாம் எதிர்பார்ப்பு. யார் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது.

அதற்குள் அக்கா என்னை இழுத்து உட்காரவைத்தார். அந்த அம்மா கழிப்பறைப் பக்கம் போய்க் கைகழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். என்னைப் பார்க்கும் துணிச்சலைத் தேடிக்கொள்ளத்தான் போயிருக்க வேண்டும். திரும்பி வந்து மேசையருகே நின்றபோது நான் எழுந்து நின்றேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, பிறகு மறுபடியும் முகத்தை. சமையலறையில் எண்ணெய் காயும் சத்தம் மட்டும் கேட்டது.

"இது என் பொண்ணு இல்லக்கா" என்றார்.

"நல்லா பாரு லா!" அக்காவின் குரல் உடைந்தது. "கிட்டக்க போயி பாரு. மெலிஞ்சி போச்சி, அதான்."

"எம்பொண்ணுக்கு முழங்கையில சூடு பட்ட தழும்பு இருக்கும்."

நான் கம்பளிச் சட்டையின் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"தழும்புக்காகச் சொல்லல. நான் வந்ததும் இந்தப் பொண்ணு எந்திரிச்சி நின்னுச்சி பாருங்க. எம்மவ எனக்கு என்னிக்கி எந்திரிச்சி நின்னா?" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது.

அக்கா கரி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தபோது அந்த அம்மா என் மணிக்கட்டைத் தொட்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"சாப்பிடாமப் போகாதீங்க. கடைசியா அவ சாப்பிட்டது இங்கதான். நான் கூட இல்ல. நீங்க சாப்பிடுங்க. நான் செத்த நேரம் பாத்துட்டுப் போயிர்றேன்."

அப்படிக் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? சமையல்காரரே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அவர் எனக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் முறை. நான் சாப்பிட ஆரம்பித்தேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார். வெளியே எதிர்ப்பக்கத்து வீடுகள் பனியில் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒவ்வொரு கவளமும் என் தொண்டையைத் தாண்டி வேறெங்கோ இறங்குவது போலிருந்தது.

"மொளகாயக் கடிச்சிட்டு மூக்க உறிஞ்சுவா" என்றார் அவர், தனக்குள் பேசுவதுபோல.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தேன்.

"சோத்த மொதல்ல ஓரத்துலேர்ந்துதான் தின்னுவா. நடுவுல தொடமாட்டா."

என் தட்டைப் பார்த்தேன். நடுவில் சோறு ஒரு சின்னக் குன்றாக நின்றது.

"தண்ணி கிளாஸோ கோப்பையோ, எடது கையாலதான் எடுப்பா. எத்தனவாட்டி அடிச்சிருக்கேன் தெரியுமா?"

தேநீர்க் கோப்பை என் இடது கையில் இருந்தது. நான் வலது கைக்காரி. அந்தக் கோப்பையைக் கீழே வைக்க எனக்குப் பயமாக இருந்தது. வைத்தால் அது யார் வைத்ததாக ஆகும் என்று ஓர் எண்ணம். கையிலேயே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கண்களில் நீர் வழிந்தது. ஆனால் முகம் அழவில்லை. வெகுநாள் நின்றுகொண்டே இருந்தவருக்கு ஒரு வழியாக உட்கார இடம் கிடைத்ததுபோல முகம் தளர்ந்திருந்தது.

"போதும்மா" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அக்காவிடம் போய் நின்றார்.

"அவ செத்துட்டா அக்கா. நானும் ஒத்துக்காமத்தான் இருந்தேன். ஒடம்பு கெடைக்கலியேன்னு வெளக்குகூட ஏத்தல. இந்தப் புள்ளயப் பாத்ததும்தான் தெரியுது. வர்றதா இருந்தா அவதான வந்துருப்பா. நீங்களும் விட்டுருங்க."

"எப்பிடி விடுறது?" என்றார் அக்கா. "நான்தான் போகச் சொன்னேன். அவ பஸ்ஸுல போறேன்னு சொன்னா. மழையில நிக்காத, பஸ் லேட்டா வரும், புருஷன்கூட லோரில போ லான்னு நான்தான் கொடை பிடிச்சி ஏத்தி விட்டேன்."

அது அந்த அம்மாவுக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் தோளில் கையை வைத்தார். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். கொஞ்ச தூரத்திலேயே பனி அவரை மூடிவிட்டது.

அந்த மாதமே ஆற்றங்கரையில் மகளுக்குச் செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்தார்கள். கிராணியின் மனைவி போய் வந்தார். திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழையும் முன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தம்மா உங்களக் கேட்டாங்க டீச்சர். நல்லா இருக்கணும்னு சொன்னாங்க. ஆனா கொஞ்ச நாளைக்கி அந்தத் தோட்டத்துப் பக்கம் வரவேணாம்னு சொல்லச் சொன்னாங்க. கோவம் இல்ல. வழியனுப்பின உயிரு உங்க மொகத்தப் பாத்துட்டுத் திரும்பி நின்னுறக்கூடாதில்ல, அதுக்குத்தான்."

அன்றைக்கு இரவு விளக்கை அணைக்காமல் படுத்தேன். கிளிப்பச்சை ரவிக்கையை மறுநாள் கோயில் பூசாரியிடம் கொடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். அவர் வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

சீனர் கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. அக்காவும் அவர் கணவரும் லோரி விழுந்த வளைவுக்குப் போய்ப் பத்தி கொளுத்தி, இறந்தவர்களுக்காகச் சீனர்கள் எரிக்கும் காகிதத்தை எரித்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கடை திறந்த பிறகும் எனக்குத் தயக்கம்தான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கப் போனேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பழைய பரிவு இல்லை, வெறுப்பும் இல்லை. முதல்முதலாகக் கடைக்கு வரும் ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டீச்சருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடையில் நான் எதையும் கேட்டு வாங்கியதே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மீகூன் கோரேங் வந்தது, வறுத்த அரிசிச் சேமியா. கூட வைத்திருந்த மிளகாயை ஒன்று கடித்தேன். காரம் உச்சிக்கு ஏறி, கண்ணில் நீர் கொட்டி, இருமல் நிற்கவே இல்லை. கை கழுவப் போனால் கதவு திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன். கடைசியில் அக்கா வந்து, "தூக்கிட்டு இழு லா டீச்சர்" என்று காட்டிக்கொடுத்தார். எங்கள் இருவருக்குமே அப்போது உடம்பு சிலிர்த்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அதன் பிறகு நாங்கள் மெல்ல மெல்லத்தான் பழகினோம். புது மனிதர்களாகப் பழகினோம். என் கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரை அந்தக் கடைக்கு அழைத்துப்போனேன். அவர் அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்தார், எங்களுக்கு மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் பிள்ளைகள் அந்தப் பளிங்கு மேசைகளில்தான் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். எண்பதுகளில் மலையின் முகமே மாறியது. பிரிஞ்சாங்கில் ஹோட்டல்கள் எழும்பின. கோலாலம்பூரிலிருந்து காரில் வந்தவர்கள் குளிருக்குச் சூடாகக் கொதிக்கும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டார்கள். கடைகள் எல்லாம் ஸ்டீம்போட் கடைகள் ஆயின. அக்காவின் கணவர் தவறிப்போனதும் அக்கா கடையை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். போகும்போது பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்தப் பெண்ணைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, சின்னவனுக்குக் காய்ச்சல் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வெளியே நீளப் பெஞ்சில் கூட்டம். இடம் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் யாரென்று பார்த்தேன். தலை நரைத்திருந்தது. விரல்களில் கறை இல்லை, வேலையை விட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவரே திரும்பி என்னைப் பார்த்தார்.

அவர் கண்களில் எதுவும் அசையவில்லை. நான் அப்போது பருத்திருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன். அவருடைய மகள் ஒருநாளும் எட்டாத வயதுக்கு வந்திருந்தேன்.

"புள்ளைக்கிக் காச்சலாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, ரெண்டு நாளா."

"வெளிய வெளையாட விடாதீங்க. பனி ஆகாது." குனிந்து பையனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "நீங்க எந்தத் தோட்டம்?"

நான் வேலை பார்க்கும் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்க கொழுந்து நல்லா இருக்கா இப்ப?"

"நல்லா இருக்குதுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நர்ஸ் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டாள். அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார், முழங்கால் நிமிரவில்லை. நான் கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.